பலர் கை தைத்த மணவிதானம்

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் எல்லையை அடுத்து ஆனேக்கல் என்னும் ஊர் இருக்கிறது. கன்னடத்தில் ‘ஆனே’ என்பது யானையைக் குறிப்பதால், இவ்வூர்ப் பெயருக்கு யானைக்கல் என்று நம்மவர் எளிதாகப் பொருள் செய்துகொள்வர். மைசூர் நாட்டுக் குறிப்புகளைத் தொகுத்த ரைஸ் என்பாரோ இதற்கு ஆலங்கட்டி என்று பொருள் எழுதி வைத்தார். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவனுக்கு இத்தகைய பெயர்கள் நல்ல எச்சரிக்கை. பழகிய ஒலி காதில் விழுந்தவுடன் பழகிய பொருளை அதன்மேல் ஏற்றிவிடக் கூடாது.

இன்று எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகைய ஒரு சொல்லிலிருந்து தொடங்குவதே. யூதர் திருமணத்தில் மணமக்களின் தலைக்கு மேலே நான்கு கோல்களில் ஒரு துணியைக் கட்டுவர். எபிரேய மொழியில் அதற்கு ஹுப்பா என்று பெயர். அமெரிக்க யூதரிடையே 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதையொட்டி ஓர் அழகிய வழக்கம் பரவிற்று. உறவினரும் நண்பரும் ஆளுக்கொரு சதுரத் துணியைத் தைத்து அனுப்புவர். மணவீட்டார் அவற்றையெல்லாம் இணைத்து ஒரே விதானமாக்குவர். அவ்விதானத்தின் கீழ்த் திருமணம் நிகழும்.

இதற்கும் ஆனேக்கலுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். ஆனேக்கலில் பட்டுத்தறி தலைமுறை தலைமுறையாக ஓடிவருகிறது. அந்த வட்டத்திலேயே ஜிகணி, பொம்மசந்திரம், அத்திப்பள்ளி என்னும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. வேலை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கு ஏராளம். அவர்கள் வீட்டில் ஒரு திருமணம் நிச்சயமானால் முதலில் எழும் கேள்வி, சொந்த ஊருக்குப் போவதா, இங்கேயே மண்டபம் எடுப்பதா என்பதே. இங்கே நடத்தினால் ஊரிலுள்ள பாட்டி வரமாட்டாள்; அங்கே நடத்தினால் இங்குள்ள அண்டை வீட்டார் வரமாட்டார்கள். நெடுங்காலம் ஊர் ஊராகப் பெயர்ந்து வாழ்ந்த ஒரு சமூகம் இதே கேள்வியை எதிர்கொண்டு, ஒரு துணியின் துணையால் அதைக் கடந்த வரலாறு நமக்குப் பயன்படாமற் போகாது.

ஹுப்பா என்ற சொல் தொடக்கத்தில் துணியைக் குறிக்கவில்லை. பழைய ஏற்பாட்டில் அது மணமக்களின் அறையைக் குறித்தது. சூரியனைத் தன் அறையிலிருந்து வெளிவரும் மணமகனுக்கு ஒப்பிடும் சங்கீதத்தில் இச்சொல்தான் பயில்கிறது. தமிழில் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் அவ்விடத்தில் ‘மணவறை’ என்று பெய்தார்கள். மிகப் பொருத்தமான சொல். அவர்கள் எண்ணியதைவிடவும் பொருத்தமானது என்றே கூறுவேன். மணவறை என்றால் அறை என்பதுதான் நேர்ப்பொருள். ஆயினும் இன்று நம் திருமண வீடுகளில் மணவறை என்பது யாது? சுவரில்லாத ஒரு மேடை, மேலே அலங்காரக் கூரை, நாற்புறமும் திறப்பு. ஹுப்பாவும் இப்படித்தான் அறையிலிருந்து கூரையாக மாறிற்று. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகளில் ஒரு சொல் ஒரே வழியில் நடந்திருக்கிறது.

யூதர்களின் தல்மூது நூலில் வேறொரு பழைய வழக்கம் கூறப்படுகிறது. ஆண்குழந்தை பிறந்தால் ஒரு தேவதாரு மரமும், பெண்குழந்தை பிறந்தால் பைன் இனத்து மரம் ஒன்றும் நடுவர். பிள்ளைகள் வளர்ந்து மணம் புரியும்போது அம்மரங்களை வெட்டி மணப்பந்தல் அமைப்பர். இது நிலத்தில் வேர் ஊன்றி வாழ்ந்த காலத்து வழக்கம். இருபது ஆண்டு ஓரிடத்தில் இருப்போம் என்ற உறுதி உள்ளவன்தானே மரம் நடுவான்! ஊர்விட்டு ஊர் போக நேர்ந்தவர்களுக்கு மரம் உதவாது. சுருட்டி எடுத்துச் செல்லத்தக்க துணியே உதவும். 16ஆம் நூற்றாண்டில் போலந்து நாட்டுக் கிராக்கோவில் வாழ்ந்த மோசே இஸ்ஸர்லெஸ் என்னும் பேரறிஞர், தம் காலத்தில் கோல்களின்மேல் விரித்த துணியையே மக்கள் ஹுப்பா என்று அழைத்ததைக் குறித்திருக்கிறார். திறந்த வெளியில் விண்மீன்களின் கீழே அதனை அமைக்கும் வழக்கத்தையும் அவர் எழுத்தில் காண்கிறோம். ஆபிரகாமின் சந்ததி விண்மீன்களைப் போலப் பெருகும் என்ற பழைய வாக்கே அதற்குக் காரணம். யூத சமய விதிப்படி திருமணம் ஜெப ஆலயத்தில்தான் நிகழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துணியும் நான்கு கோலும் இருந்தால் எவ்விடமும் மணவறையே.

மணமக்கள் தலைக்குமேல் வானத்தைத் துணியில் இறக்குவது நமக்கும் புதிதன்று. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு மேலுள்ள மேற்கட்டியில் மேடம் முதலான இராசிகளும், உரோகிணியைப் பிரியாத திங்களும் எழுதப்பட்டிருந்தன. போர்ப்பாசறையில் இருக்கும் கணவனை நினைந்து அவள் அண்ணாந்து அந்த உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். விதானம் என்பது ஊரார் பார்த்து வியப்பதற்கு மட்டும் அன்று, கீழே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதற்கும் உரியது என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். கண்ணகிக்கும் கோவலனுக்கும் நீல விதானத்தின் கீழ், முத்துப் பந்தரில் மணம் நடந்ததாக இளங்கோவடிகள் காட்டுகிறார். ஆண்டாள் தன் நோன்புக்கு வேண்டிய பொருள்களைக் கேட்கும்போது விளக்கு, கொடி இவற்றோடு விதானத்தையும் மறவாமற் கேட்கிறாள்.

தமிழரின் விதானமும் யூதரின் விதானமும் ஒரே செப்பேட்டில் சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு.

கி.பி. 1000ஐ ஒட்டி, சேரமான் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டிலிருந்து, அதாவது பழைய முசிறியான கொடுங்கல்லூர்ப் பகுதியிலிருந்து, ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு ஒரு செப்புப் பட்டயம் அளித்தான். கொச்சி யூதர்களின் மரபு இதனைக் கி.பி. 379ஆம் ஆண்டினதாகக் கூறும். கல்வெட்டறிஞர் அவ்வளவு பழமையை ஏற்பதில்லை. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழியோ, மலையாளம் தமிழிலிருந்து பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழி. தமிழறிந்த ஒருவர் உரக்கப் படித்தால் பாதிக்கு மேல் விளங்கிவிடும். அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையும் எழுபத்திரண்டு விடுபேறுகளும் அதில் ரப்பானுக்கு வழங்கப்பட்டன. பகல்விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும் அப்பட்டயத்தில் ‘தோரணவிதானம்’ என்ற சொல்லும் இருக்கிறது. அவனுக்கும் அவன் மக்களுக்கும் மருமக்களுக்கும், உலகும் திங்களும் உள்ளளவும் இவ்வுரிமை உண்டு என்கிறது பட்டயம்.

அப்பட்டயம் திருமணத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. பொதுவான மேன்மையாகவே விதானத்தைத் தருகிறது. ஆயினும் குடையும் பாவாடையும் பறையும் விதானமும் ஒரு குடும்பத்தின் வாழ்வில் எப்போது ஒருங்கே தேவைப்படும்? திருமண நாளில்தான். மலையாள நாட்டுக் கிறித்தவரில் கினானாய மரபினரும் எழுபத்திரண்டு உரிமைகளைத் தம்முடையவை என்று உரிமை கொண்டாடுவர். பந்தலும் நடைபாவாடையும் அவர்களுடைய திருமணச் சிறப்புகளோடு சேர்த்தே பேசப்படுகின்றன. ரப்பானின் செப்பேடு கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில் பாதுகாக்கப்பட்டு வந்தது. 1968இல் அவ்வாலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்கு அன்றைய பிரதமர் இந்திரா காந்தி சென்றிருந்தார். 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேலுக்குச் சென்றபோது பரிசாகக் கொடுத்தவற்றுள் இப்பட்டயத்தின் படியும் ஒன்று.

இப்பட்டயத்தை யூதருக்குக் காட்டிய பரிவின் அடையாளமாக மட்டும் போற்றுவது பலருடைய வழக்கம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. விதானத்தை ஒருவனுக்கு உரிமையாகக் கொடுக்கிறார்கள் என்றால், மற்றொருவனுக்கு அது இல்லை என்பதுதானே பொருள்? கொங்கு நாட்டுக் கம்மாளர்க்கு இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், காலில் செருப்பணியவும் சோழ ஆணை ஒன்று உரிமை தந்தது. அதற்கு முன் அவர்கள் செருப்பணிய இயலாதிருந்தனர் என்பதே அவ்வாணை சொல்லும் செய்தி. 1707இல் சென்னையில் வலங்கையாரும் இடங்கையாரும் மண ஊர்வலம் செல்லும் தெருக்களை முன்னிட்டு மோதிக்கொண்டபோது, கோட்டையின் ஆளுநரான தாமஸ் பிட் தலையிட வேண்டியதாயிற்று. பந்தலுக்குப் பன்னிரண்டு கால் நடுவதா, பதினொன்றா என்பதுகூட இவ்விரு பிரிவினரிடையே ஒரு வழக்காக இருந்தது. ஒரு முழத் துணிக்கும் ஒரு மூங்கிலுக்கும் இத்தனை பகை!

நம் நாட்டில் பலருடைய துணியால் ஆன மணவிதானம் ஒன்றும் இருந்தது. தென்னாட்டுச் சிற்றூர்களிலும் யாழ்ப்பாணத்திலும் மணவீட்டுப் பந்தலுக்கு ‘வெள்ளை கட்டும்’ பொறுப்பு வண்ணாரைச் சேர்ந்தது. வெளுத்த வேட்டிகளையும் சேலைகளையும் அவர்கள் பந்தலின் உட்கூரையில் மறைத்துக் கட்டுவர். மணமக்கள் நடக்க மாற்று விரிப்பர். அத்துணிகளில் ஊராரிடமிருந்து வெளுக்க வந்தவையும் இருந்தன. பண்ணையார் வீட்டுச் சேலையும் ஆசிரியர் வீட்டு வேட்டியும் அக்கம்பக்கமாகத் தொங்கின. ஊர் முழுவதும் ஒரு கூரையாகி மணமக்களுக்கு நிழல் தந்ததாக இதனை வருணிக்கலாம். ஆனால் வருணனையோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. அக்கூரையைக் கட்டியவர் அதனை விரும்பிக் கட்டினாரா என்று எவரும் கேட்டதில்லை. அது ஊழியம், மறுத்தால் ஊரில் வாழ முடியாது. தம் வீட்டுத் திருமணத்தில் அதே விதானத்தைக் கட்டிக்கொள்ளும் உரிமையும் தாழ்த்தப்பட்டோர் பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது. துணி ஊரார் அனைவருடையது, மேன்மை சிலருடையது.

ஆனேக்கலிலிருந்து மேற்கே மலையிறங்கினால் மங்களூர்க் கடற்கரை. 12ஆம் நூற்றாண்டில் அங்கே ஆபிரகாம் பென் ஈஜு என்னும் யூத வணிகர் வாழ்ந்தார். வட ஆப்பிரிக்காவின் மாஹ்தியாத் துறையைச் சேர்ந்தவர். ஏடன் வழியாக வந்து மங்களூரில் வெண்கலப் பட்டறை வைத்து, மிளகும் பாக்கும் உலோகப் பொருளும் அனுப்பி வாணிகம் செய்தார். ஆஷு என்னும் இந்நாட்டு அடிமைப் பெண்ணை அவர் 1132ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் விடுதலை செய்த பத்திரம் கெய்ரோ நகரின் பழைய பகுதியிலுள்ள ஜெப ஆலயத்தின் ஏட்டறையில் கிடைத்தது. அவரே ஈஜுவின் பிள்ளைகளுக்குத் தாய் என்பது அறிஞர் கருத்து. அவர் கடிதங்களும் கணக்குகளும் அங்கேயே கிடைத்தன. பழந்தாளைக் கூட வீணாக்காமல் பின்புறத்தில் கணக்கெழுதும் சிக்கனக்காரர் அவர்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1149இல், பென் ஈஜு பிள்ளைகளோடு ஏடனுக்குத் திரும்பினார். அதற்குள் மாஹ்தியாவை நார்மானியர் கைப்பற்றியிருந்தனர். உடன்பிறந்தோர் சிசிலித் தீவுக்குச் சிதறியிருந்தனர். அவர் ஏடனிலிருந்து எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: என் பொருளையும் என் மகளையும் உங்களுக்காகவே வைத்திருக்கிறேன், உங்கள் மகன்களில் ஒருவனை அனுப்புங்கள். ஏடனில் செல்வாக்குள்ள நண்பர் ஒருவர் தம் மகனுக்குப் பெண் கேட்டும் அவர் இணங்கவில்லை. அயலாரைவிட உடன்பிறந்தார் மகனே உரியவன் என்றார். நம் முறைப்படி அண்ணன் தம்பி மக்கள் உடன்பிறப்புகளுக்குச் சமம். இப்படியொரு சம்பந்தத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் காதாலும் கேட்கமாட்டார்கள். அவர்களுக்கோ அது குலத்தைக் காக்கும் வழி. கடிதங்கள் தவறின, ஆண்டுகள் கழிந்தன, ஒரே மகனும் இறந்தான். இறுதியில் 1156இல் சித் அல்-தார் என்னும் அம்மகளுக்கும், உடன்பிறந்த ஜோசப்பின் மகன் பெரஹியாவுக்கும் எகிப்தில் மணம் நடந்தது. அவள் கொண்டுசென்ற சீர்வரிசையின் பட்டியல் இன்றும் இருக்கிறது.

வேலை தேடி வந்த ஊரில் வளர்ந்த பெண்ணுக்குச் சொந்த மண்ணில் வேர் பிடிக்க வைக்கத் தகப்பன் படும் பாட்டை, ஜிகணியிலும் அத்திப்பள்ளியிலும் உள்ள தந்தையர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. மங்களூர், ஏடன், சிசிலி, எகிப்து என்று நான்கு துறைகளில் சிதறிய அக்குடும்பத்தார் ஆளுக்கொரு துண்டுத் துணி அனுப்பித் தைத்திருந்தால், அந்த மணவிதானம் ஒரு கடல்வழிப் படமாகவே இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

துண்டுகளைச் சேர்த்து ஒரு வாழ்த்தாக்கும் பழக்கம் யூதரிடம் வேறு உருவில் முன்பே இருந்தது. 16ஆம் நூற்றாண்டு முதல் ஜெர்மனி நாட்டு யூதர், ஆண்குழந்தையின் விருத்தசேதனச் சடங்கில் குழந்தையைச் சுற்றிய துணியை நீளத் துண்டுகளாகக் கிழித்து, ஒன்றோடொன்று தைத்துப் பட்டையாக்குவர். வீட்டுப் பெண்கள் அதில் குழந்தையின் பெயரையும் பிறந்த நாளையும் பூவேலையாகத் தைத்து, அவன் வேதத்துக்கும் மணவிதானத்துக்கும் நற்செயலுக்கும் உரியவனாக வளர வேண்டும் என்ற வாழ்த்தையும் சேர்ப்பர். பலவற்றில் ஹுப்பாவின் கீழ் நிற்கும் மணமக்களின் சிறு உருவமும் காணப்படும். பிறகு அப்பட்டை வேதச் சுருளைக் கட்டுவதற்கென ஆலயத்துக்குப் போய்ச் சேரும்.

அமெரிக்காவிலோ பெண்கள் கூடி அமர்ந்து ஒட்டுப்போர்வை தைப்பது பழைய வழக்கம். 1840களில் பால்டிமோர் நகரில் தோழியர் ஆளுக்கொரு சதுரம் தைத்துத் தம் பெயரை மையால் எழுதி இணைத்த போர்வைகள் புகழ்பெற்றன. மணமாகிப் போகும் பெண்ணுக்கும், மேற்கே குடிபெயரும் குடும்பத்துக்கும் இத்தகைய போர்வைகள் கொடுக்கப்பட்டன. இவ்விரு மரபுகளும் சேர்ந்த இடத்தில்தான் பலர் தைத்த ஹுப்பா தோன்றிற்று.

இதற்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்று சில நாள் தடுமாறினேன். பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைப் போர்வை என்று அகராதி வாக்கியமே சொல்கிறது. வட கன்னடப் பகுதியில் பழம்புடவைகளை அடுக்கி ஓடுதையலிட்டுச் செய்யும் விரிப்பைக் கௌதி என்பர், வங்காளத்தில் காந்தா. ஆப்பிரிக்க வழிவந்து ஹளியாள், எல்லாப்புரக் காடுகளில் வாழும் சித்தி மக்களின் பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைகள் கண்ணைப் பறிப்பவை. விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவது அவர்கள் முறை. நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைத் தைத்து அதனைப் பூ என்பார்கள். மூலையில் பூ இல்லாத போர்வை அவர்களுக்கு ஆடையில்லாத போர்வை. ‘ஒட்டுப்போர்வை’ என்றே நானும் நிறுத்திக்கொண்டேன்.

செய்முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. விதானம் நாற்புறமும் ஆறடி என்று கொள்வோம். சுற்றிலும் அரையடிக் கரை விட்டால், நடுவே ஐந்தடிச் சதுரம். அதில் ஓரடிச் சதுரங்கள் இருபத்தைந்து அடங்கும். தையலுக்குள் மறையும் கால் அங்குலத்தை நாற்புறமும் சேர்த்து, பன்னிரண்டரை அங்குலமாக வெட்டிய ஒரே வகைத் துணியை மணவீட்டாரே எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும். அவரவர் கைக்கு வந்த துணியில் தைக்கச் சொன்னால் பட்டும் கதரும் கலந்து, ஒன்று இழுக்க மற்றொன்று சுருங்கும். ஊசி பிடிக்கத் தெரியாதவர் துணிமையால் பெயரை மட்டும் எழுதி அனுப்பலாம். இரண்டு மூன்று சதுரங்கள் காலம் தாழ்த்தியே வரும், வராமலும் போகும். அதற்காக மணமகளின் தாய் நான்கைந்து வெற்றுச் சதுரங்களைக் கையிருப்பாக வைத்திருப்பாள்.

போர்வைக்கு உள்ளே பஞ்சு வைப்பதுண்டு, விதானத்துக்கு ஆகாது. பாரம் மிகுந்தால் நடுப்பகுதி தொய்ந்து மணமகனின் தலையில் இடிக்கும். மெல்லிய உள்துணி ஒன்றே போதும். நான்கு மூலையிலும் கோல் நுழைய உறை அல்லது கனத்த நாடா தைக்க வேண்டும். கோலைத் தரையில் ஊன்றுவதும் உண்டு. நெருங்கியவர் நால்வர் கையில் பிடித்து நிற்பதும் உண்டு. பிடித்து நிற்பவரின் கை அரைமணியில் கடுக்கத் தொடங்கும். முகத்துணியைக் கீழ்நோக்கிக் கட்ட வேண்டும் என்பதுதான் பலர் மறப்பது. வாழ்த்தும் பெயரும் வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தால் கீழே நிற்கும் இருவருக்கும் உள்துணிதான் தெரியும்.

ஆனேக்கல் வட்டத்தில் நடக்கும் தமிழர் திருமணங்களில் மணவறையை வாடகைக்கு எடுக்கிறோம். தெர்மோகோல் தூணும் செயற்கைப் பூவும் காலையில் வந்து மாலையில் அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுகின்றன. அதன்மேல் ஒரு துணியைக் கட்ட இன்று எந்த மன்னனின் பட்டயமும் வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் நடக்க இயலாத பாட்டியின் பழஞ்சேலைத் துண்டு, துபாயில் விடுப்புக் கிடைக்காத மாமன் அனுப்பிய சதுரம், தெருவில் தறி வைத்திருக்கும் கன்னடக்காரர் வீட்டுப் பட்டின் முனைத்துண்டு, அந்த அம்மாள் கன்னட எழுத்தில் தைத்த மணமக்கள் பெயர் ஆகிய இவை ஒரு விதானத்தில் அடங்குபவை. வண்ணார் கட்டிய கூரையைப் போல இதிலும் ஊரார் துணி இருக்கும். தைத்த ஒவ்வொரு கையும் விரும்பித் தைத்ததாக இருக்கும்.

மணம் முடிந்தபின் யூதர் அதனைக் கட்டிலில் விரிப்பர், அல்லது சுவரில் தொங்கவிடுவர். சிலர் மடித்து வைத்துப் பிள்ளைகளின் திருமணத்துக்கு எடுப்பர். ஆகவே சாயம் இறங்காத நூலையே வாங்க வேண்டும். சிவப்பு நூலை முன்னதாக ஒருமுறை வெந்நீரில் நனைத்துப் பார்த்துவிடுவது நல்லது.